போல்ட் நிற்கும் வேகம்

எங்கள் பெசினா குடும்பத்தில் எண் தெரியாதவன் கிடையாது. என் தந்தை மால்டாவிலிருந்து கப்பலில் வந்து குவின்ஸ்லாந்தில் இறங்கியபோது அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் கரும்பு ஏற்றிய வண்டியைக் கண்ணால் பார்த்தே எடை சொல்வார். தராசுக்காரன் முள்ளைப் பார்த்துவிட்டு அவர் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பான். நான் அந்த ஊர்ச் சர்க்கரை ஆலையின் கூடைப் பிரிவில், சர்க்கரையைச் சுழற்றிப் பிரிக்கும் எந்திரங்களின் முன்னால், முப்பத்தெட்டு வருடம் நின்றேன். அதில் இருபத்திரண்டு வருடம் மேஸ்திரி. எனக்குப் பிறகு அந்த இடம் என் தம்பி மகன் ஸ்பிருவுக்கு வந்தது. தம்பி அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

அதனால்தான் அந்த ஆகஸ்டில் நான்காம் நம்பர் கூடை வெடித்து, அதன் முன்னால் நின்ற த்வானு செத்துப்போனபோது, ஊர் த்வானுவைப் பற்றிப் பேசவில்லை. எங்களைப் பற்றிப் பேசியது. த்வானு வேறு யாரும் அல்ல, ஸ்பிருவின் மனைவி ஜீசாவின் தம்பி. புருஷன் வேகம் வைத்த எந்திரம் தம்பியைக் கொன்றது என்று ஒரு பெண் நினைக்க ஆரம்பித்தால் அந்த வீடு என்ன ஆகும்? நான் மூன்று வாரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டவுன்ஸ்வில்லிலிருந்து இன்ஸ்பெக்டர் வெள்ளிக்கிழமை வருவதாகத் தகவல் வந்தது. அவர் கேட்கப்போவது ஒரே கேள்வி. கூடையோடு வந்த தகட்டில் எழுதிய வேகத்துக்கு மேல் அதை ஓட்டச் சொன்னது யார்? அவர் எழுதிக்கொண்டு போகும் பெயர் காகிதத்தில் இருக்கும். நாங்கள் செத்த பிறகும் இருக்கும்.

புதன்கிழமை மதியம் நான் ஸ்பிருவின் வீட்டுக்குப் போனேன். அறுவடைக்கு முன் வழக்கம்போல் கரும்புக் கொல்லைகளில் நெருப்பு வைத்திருந்தார்கள். தோகை எரிந்த கரி நூல் நூலாக வானத்திலிருந்து இறங்கி, கொடியில் காய்ந்த துணிமேல் உட்கார்ந்தது. அந்த மாதங்களில் எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் கொடியைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்வார்கள். ஜீசா எடுக்கவில்லை. வெள்ளைப் படுக்கை விரிப்பு முழுக்கக் கறுப்பு. நானே எடுத்து உதறி மடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

வீட்டுக்குள் சத்தமே இல்லை. அப்புறம்தான் கவனித்தேன். கூரை விசிறி ஓடவில்லை. அந்தப் புழுக்கத்தில் ஓடவில்லை. சுவர்க் கடிகாரத்தைத் திருப்பி வைத்திருந்தாள். ஜீசா தையல்காரி. சுற்றுவட்டாரத்தில் கல்யாண உடுப்பு என்றால் அவளிடம்தான் வருவார்கள். அவளுடைய தையல் மெஷின் போர்வை போட்டு மூடிக் கிடந்தது. அவள் மேசை ஓரத்தில் உட்கார்ந்து ஒரு நீளமான ஓரத்தைக் கையால் தைத்துக்கொண்டிருந்தாள்.

"மெஷின் என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல மாமா. சக்கரம் சுத்துனா அவருக்கு ஆகல."

"ஆகலன்னா?"

"எழுந்து வந்து கையை வச்சு நிறுத்துறாரு. நேத்து விரல்ல ஊசி ஏறிடிச்சு. விசிறியும் அப்படித்தான். சுத்துறத நிறுத்து, நிறுத்துங்கறாரு. நிறுத்துனா, இது நிக்கல, நிக்கிற மாதிரி ஏமாத்துதுங்கறாரு."

உள் அறையில் ஸ்பிரு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஆறடி ஆள். அறை மூலையில் ஒரு நாற்காலி. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டேய் ஸ்பிரு. சவரம் பண்ணு. வெள்ளிக்கிழமை ஆபீஸர் வர்றான்."

"பெரியப்பா, அந்த நாற்காலி நிக்குதா?"

"நாற்காலி நிக்காம நடக்குமா?"

"எப்படித் தெரியும் உங்களுக்கு?"

ஒரு நாற்காலியைப் பார்த்து அப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தால் எனக்கே அது கொஞ்சம் அதிகமாக அசையாமல் இருப்பதாகத் தோன்றியது.

அவன் ஏன் அப்படிக் கேட்டான் என்று சொல்ல வேண்டும். கூடை என்பது பக்கமெல்லாம் துளை போட்ட பெரிய எஃகு அண்டா. அதைச் சுற்றி இரும்பு உறை. மேலே ஒரு தண்டில் அது தொங்கும். எங்கள் ஆலையில் அந்தத் தண்டைத் தண்ணீர் பீய்ச்சித்தான் சுழற்றுவோம். பழைய முறை. காய்ச்சிய கரும்புப் பாகை உள்ளே விட்டுச் சுழற்றினால் கழிவுப்பாகு துளை வழியே தெறித்துப் போகும், சர்க்கரை உள்ளே சுவராக ஒட்டி நிற்கும். வால்வைத் திறக்கத் திறக்க வேகம். மேஸ்திரியின் வேலை அந்த வால்வு.

பழைய கூடைகளுக்கு உச்ச வேகம் நிமிடத்துக்கு ஆயிரத்து இருநூறு சுற்று. போருக்குப் பிறகு ஆலையில் டியூப் லைட் போட்டார்கள். போட்ட முதல் வாரமே நான் ஒன்றைக் கண்டேன். தண்டின் இணைப்பில் ஐந்து போல்ட் உண்டு. வேகம் ஏற ஏற அவை கலங்கி மறைந்துவிடும். ஆனால் டியூப் லைட் வெளிச்சத்தில் சரியாக ஆயிரத்து இருநூறைத் தொடும்போது ஐந்து போல்ட்டும் அப்படியே நிற்கும். முறுக்கிய மரைகூட எண்ணலாம். சுற்று எண்ணும் கருவியை வைத்து நூறு தடவை சரிபார்த்தேன். ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அன்றிலிருந்து கூடைப் பிரிவில் கருவி யாரும் எடுக்கவில்லை. போல்ட் நின்றால் சரி. அதுதான் சட்டம். கார்மனு பெசினா சட்டம் என்றே சொல்வார்கள்.

வேகம் கொஞ்சம் குறைந்தால் போல்ட்டுகள் பின்னோக்கிப் போவதுபோல் தெரியும். அது ஆட்களுக்குப் பிடிக்காது. முன்னோக்கிச் சுற்றும் எந்திரம் பின்னால் போனால் யாரையோ கூட்டிப் போக வருகிறது என்பார்கள். அப்படித் தெரிந்தால் வால்வை இன்னும் கொஞ்சம் திறந்து நிறுத்திவிடுவார்கள்.

நான் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து ஜீசாவின் முன்னால் மேசையில் வைத்தேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். சாவதற்கு முந்தின நாள் சாப்பாட்டின்போது, தானே வால்வைக் கூடுதலாகத் திறந்து ஓட்டுவதாக த்வானு சொன்னான் என்று அதில் எழுதியிருந்தேன். கீழே அவள் பெயருக்கு இடம்.

அவள் இரண்டு தடவை படித்தாள்.

"இப்படி அவன் சொல்லலியே மாமா."

"சொன்னான்னு யாரும் சத்தியம் கேட்கப் போறதில்ல. செத்தவனுக்கு வேலை போகப்போகுதா? ஜெயிலா? இருக்கறவனப் பாரு. உன் புருஷன். நாளைக்கு உன் பொண்ணு கல்யாணத்துல என்ன பேசுவாங்க?"

"என் தம்பி பேரு மட்டும் பேரு இல்லியா?"

"அவன் சின்னப் பய. வேலைக்கு வந்து ரெண்டு சீசன். அவசரக்காரன்னு எல்லாருக்கும் தெரியும்."

"அவசரக்காரன்தான். வால்வுல கோடு போட்டிருக்குன்னு சொன்னான். மச்சான் கோட்டுக்கு மேல ஒரு மயிர் தாண்டுனா கையை ஒடிப்பேன்னு சொல்லிருக்காருன்னு சொன்னான். அதுதான் அவன் சாப்பாட்டுல சொன்னது. அத எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

"அப்ப தகடு தப்பு. புதுக் கூடை அனுப்பினவன் தப்பா எழுதிட்டான்."

"தகட்டுல என்ன எழுதியிருந்துச்சு?"

"நூத்தி இருபது."

"நூத்தி இருபது என்ன?"

அந்த வருடங்களில் நாடு முழுக்க அளவுகளை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மைல் கல்லெல்லாம் கிலோமீட்டர் ஆனது, ராத்தல் கிலோ ஆனது. அந்தச் சீசனுக்கு வந்த நான்காம் நம்பர் புதுக் கூடையில் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று போடவில்லை.

"ரேடியனாம். நொடிக்கு நூத்தி இருபது ரேடியன்."

"அது என்ன மாமா?"

"புது அளவு. பத்தால பெருக்குனா நம்ம அளவு வரும். நூத்தி இருபது, ஆயிரத்து இருநூறு. போல்ட்டும் அங்கதான் நிக்குது. எங்க தப்பு?"

ஜீசா ஊசியைக் குத்தி வைத்தாள். எழுந்து போய் மகளுடைய பள்ளிக்கூடப் புத்தகத்தை எடுத்து வந்தாள். ஒரு பக்கத்தில் ஏற்கெனவே அடையாளத்துக்கு நூல் வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் அவள் இதை முன்பே பார்த்துவிட்டாள் என்று புரிந்தது. மேசையில் மத்தியானத்துக்கு வாங்கிய வட்ட ரொட்டி இருந்தது. தக்காளியும் எண்ணெயும் பக்கத்தில் தொடாமல் கிடந்தன. அவள் ரொட்டியின் நடுவிலிருந்து ஓரம் வரை ஒரு நூலை நீட்டி, அந்த நீளத்துக்கு நூலை அறுத்தாள்.

"இந்த நூல் நீளத்தை ஓரத்துல வளைச்சுப் போட்டா, அது ஒரு ரேடியன். அவ்வளவுதான். இப்ப எண்ணுங்க."

நூலை ரொட்டியின் ஓரத்தில் வைத்து வைத்து நகர்த்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு முடிந்தும் இடைவெளி இருந்தது. கால் நூலுக்குக் கொஞ்சம் மேல்.

"வட்டப் பாவாடை வெட்டும்போது இடுப்பளவை எதால வகுப்போம் தெரியுமா? ஆறேகாலால. இன்னும் ஒரு துளி கூட. பொண்ணுங்க யாரு வந்தாலும் அதான் கணக்கு. இருபது வருஷமா வகுத்துக்கிட்டு இருக்கேன். இந்தக் கணக்கு அங்க போய் என் தம்பியக் கொல்லும்னு எனக்குத் தெரியல."

பென்சிலை எடுத்து என் காகிதத்தின் பின்பக்கத்திலேயே போட்டாள். நொடிக்கு நூற்றி இருபது நூல். ஆறு நூலும் சொச்சமும் சேர்ந்தால் ஒரு சுற்று. வகுத்தால் நொடிக்குப் பத்தொன்பது சுற்றும் கொஞ்சமும். அறுபதால் பெருக்கினாள். ஆயிரத்து நூற்றி நாற்பத்தாறு.

"பத்தால இல்ல மாமா. ஒன்பதரைக்குக் கொஞ்சம் மேல, அதால பெருக்கணும். ஐம்பத்து நாலு சுற்று கூட ஓட்டிருக்காங்க." பென்சிலை வைத்தாள். "யாரு சொன்னா பத்துன்னு?"

அந்த வருடம் மே மாதம் ஸ்பிரு என் வீட்டுக்கு வந்தான். தகட்டின்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து வந்திருந்தான். நான் கொல்லையில் முயல் உரித்துக்கொண்டிருந்தேன். கை ரத்தம். பெரியப்பா, இது என்ன அளவுன்னு ஆபீஸ்ல கேட்கட்டுமா என்றான். பெசினா ஆபீஸில் போய்க் கேட்பதா? நான் எட்டிப் பார்த்தேன். நூற்றி இருபது. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். என் எண் அது. ஒரு சைபர் குறைவு, அவ்வளவுதான். ஒரு சைபர் போட்டுக்கோடா, போல்ட் நிற்கும் பார் என்றேன். அவன் போய்க் கோடு போட்டான். போல்ட் நின்றது.

ஜீசா இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள் அறையிலிருந்து ஸ்பிருவின் குரல் வந்தது. சாதாரணமாக, வானிலை சொல்வதுபோல் சொன்னான்.

"அவன் விழல ஜீசா. எல்லாரும் விழுந்தான்னு சொல்றாங்க. நான் பார்த்தேன். அங்கயேதான் நிக்கிறான். ரொம்ப வேகமா நிக்கிறான். அதான் உங்களுக்குத் தெரியல."

ஜீசா முகத்தை மூடிக்கொண்டாள். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். காகிதத்தை எடுக்க மறந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் ஆலைக்குப் போனேன். என்னை வாசலில் யாரும் தடுக்கமாட்டார்கள். மற்ற ஏழு கூடைகளும் ஓடிக்கொண்டிருந்தன. காதைக் கையால் பொத்தினாலும் நெஞ்சுக்குள் கேட்கும் சத்தம். நீனு மூன்றாம் நம்பரில் நின்றான். என்னோடு வேலை பார்த்தவன். வாயாடி.

"வாங்க கார்மனு அண்ணே. தகராறு பார்க்கவா, தண்ணி பார்க்கவா?"

"கோட்டைப் பார்க்க வந்தேன்."

"பாருங்க. நாங்க யாரும் அந்தப் பக்கம் போறதில்ல. ரெண்டு நாளா நாலாம் நம்பர் பின்னால போகுதுங்கறாங்க. கூடையே இல்லாம."

"உனக்குப் போதை ஏறியிருக்கும்."

"ஏறினா நல்லாருக்குமே. ஏறலியே, அதான் பயம்."

நான்காம் நம்பரின் உறையைக் கழற்றி எடுத்துப் போயிருந்தார்கள். தரையைக் கழுவியிருந்தார்கள். மேலே தண்டு மட்டும் தொங்கியது. வால்வு பூட்டியிருந்தது. ஐந்து போல்ட்டும் டியூப் லைட் கீழ் நின்றன. தூசுகூட இல்லாமல், மரை மரையாக. நின்றுதான் இருக்கும். கூடை இல்லை, தண்ணீர் இல்லை. நீனுவைத் திட்டிக்கொண்டே ஒரு துண்டு சாக்பீஸ் எடுத்தேன். நாளைக்கு இன்ஸ்பெக்டருக்குக் காட்ட ஒரு போல்ட்டில் குறி போடலாம் என்று கையை நீட்டினேன்.

சாக்பீஸ் காணாமல் போயிற்று.

உடையவில்லை, விழவில்லை. என் இரண்டு விரலுக்கு இடையில் இருந்தது, இல்லை. விரல் நுனியில் தோல் போயிருந்தது. முகத்தில் வெள்ளைத் தூள். போல்ட்டுகள் முன்போலவே நின்றன. எந்தக் கண்ணால் முப்பது வருடம் பார்த்தேனோ அதே கண்ணால் பார்த்தேன். நிற்கின்றன. அப்போதுதான் நெற்றியில் அந்தக் காற்று பட்டது. வால்வு கசிந்திருக்கிறது. சுமக்கக் கூடை இல்லாத தண்டுக்கு ஒரு விரல் தண்ணீர் போதும். சத்தமில்லாமல் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

நான் பின்னால் நகரவில்லை. அந்த ஐந்தும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அப்படித்தான் தோன்றியது, அப்படியே எழுதுகிறேன். பிறகு கசிவு குறைந்ததோ என்னவோ, ஐந்தும் சேர்ந்து மெதுவாக இடப்பக்கமாக, பின்னோக்கி நகர ஆரம்பித்தன. ஒன்று போன இடத்துக்கு அடுத்தது வந்தது. வரிசையாக, அவசரமில்லாமல்.

த்வானுவும் இப்படித்தான் நின்றிருப்பான். எதிரே எல்லாம் நிற்கிறது என்று நம்பிக்கொண்டு.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் பாஸ்கோ வந்தார். இளம் ஆள், வெயிலில் சிவந்த கழுத்து. கூடைப் பிரிவிலேயே மேசை போட்டார்கள். ஜீசா ஸ்பிருவின் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருந்தாள். சவரம் செய்திருந்தான். கண்ணை மூடிக்கொண்டிருந்தான். பத்து என்று சொன்னது நான்தான் என்று முந்தின நாளே ஜீசாவிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவள் கையில் என் காகிதம் இருந்தது.

"வால்வில் கோடு போட்டது நீங்கதானே?" என்று பாஸ்கோ ஸ்பிருவைக் கேட்டார்.

"நான்தான்."

"ஆயிரத்து இருநூறுன்னு யாரு முடிவு பண்ணுனது?"

ஸ்பிரு வாயைத் திறக்கவில்லை. மூன்று வாரமாக அவன் என் பெயரை யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. அவனும் பெசினாதான்.

நான் தொப்பியைக் கழற்றினேன்.

"நான் சார். கார்மனு பெசினா. வேலையில இருந்து நின்னு மூணு வருஷம் ஆச்சு. என்கிட்ட வந்து கேட்டான். ஆபீஸ்ல கேட்கட்டுமான்னு கேட்டான். வேண்டாம், சைபர் போட்டுக்கோன்னு நான் சொன்னேன். போல்ட் நின்னா சரிங்கறதும் நான் சொன்னதுதான். இங்க நிக்கிற எல்லாருக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்."

பிரிவில் யாரும் என்னைப் பார்க்கவில்லை. நீனு தரையைப் பார்த்தான்.

"சரியான எண் உங்களுக்குத் தெரியுமா, பெரியவரே?"

"ஆயிரத்து நூத்தி நாற்பத்தாறு. அந்தப் பொண்ணு போட்டுக் காட்டுனா. பாவாடை தைக்கிற கணக்கு."

பாஸ்கோ ஜீசாவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாகப் பேசினார். கூடையின் பற்றவைத்த இணைப்பில் முன்பே ஒரு விரிசல் இருந்தது என்றார். வேகம் இருபதில் ஒரு பங்கு கூடினால் இழுப்பு பத்தில் ஒரு பங்கு கூடும். சரியான வேகத்தில் அது சீசன் முடியும்வரை தாங்கியிருக்கலாம், தாங்காமலும் போயிருக்கலாம் என்றார். டியூப் லைட் நொடிக்கு நூறு தடவை அணைந்து எரிகிறது, ஆயிரத்து இருநூறில் ஒவ்வொரு தடவை எரியும்போதும் அடுத்த போல்ட் சரியாக அதே இடத்துக்கு வந்துவிடுகிறது, நிற்பது போல்ட் அல்ல, வெளிச்சம் என்றார். நான் கேட்டுக்கொண்டேன். எதையும் பிடித்துக்கொண்டு தப்பிக்கவில்லை. அவர் எழுதியதன் கீழே என் பெயரையும் என் தந்தையின் பெயரையும் முழுசாக எழுதினேன்.

"எல்லாக் கூடையையும் சோதிக்கிற வரைக்கும் இந்த ஆயிரத்து நூத்தி நாற்பத்தாறுக்கு மேல ஓட்டக்கூடாது" என்றார் பாஸ்கோ. "ஒண்ணை இப்பவே ஓட்டிக் காட்டுங்க."

யாரும் அசையவில்லை.

"நீனு" என்றேன்.

"அண்ணே, அந்த வேகத்துல அது பின்னால போகும்."

"தெரியும்."

"நாலாம் நம்பர் எடம் காலியா இருக்கு. அது ஆள் தேடும் அண்ணே. எனக்கு மூணு பொண்ணு."

நான் மேல்சட்டையைக் கழற்றி நீனுவிடம் கொடுத்தேன். மூன்றாம் நம்பரின் முன்னால், ஆள் நிற்கும் இடத்தில் நின்றேன். பாகை விட்டேன். வால்வைத் திறந்தேன். அறுபத்தெட்டு வயதுக் கை அதை மறக்கவில்லை. பாஸ்கோ கருவியைப் பார்த்துக்கொண்டே எண் சொன்னார். தொள்ளாயிரம். ஆயிரம். ஆயிரத்து நூறு. ஆயிரத்து நூற்றி நாற்பத்தாறு, நிறுத்துங்க.

நிறுத்தினேன். கை இன்னும் கொஞ்சம் திருப்பத் துடித்தது. திருப்பவில்லை.

போல்ட்டுகள் பின்னோக்கிப் போயின. அவ்வளவு கனமும் முன்னோக்கி இரைந்துகொண்டிருக்க, அந்த ஐந்து மட்டும் நொடிக்கு ஒரு சுற்று என்று நிதானமாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. ஆட்கள் ஒவ்வொருவராகச் சுவர் ஓரத்துக்கு நகர்ந்தார்கள். முப்பது வருடத்தில் நான் அதை முழுசாகப் பார்க்க விட்டதே இல்லை.

பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். ஜீசா.

"தள்ளி நில்லும்மா."

"இதுதான் சரியான வேகமா?"

"இதுதான்."

"பார்க்கவே பயமா இருக்கு."

"ஆமாம்."

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எந்திரத்தின் சத்தத்துக்கு மேல் பேச வேண்டியிருந்தது. ஆனால் அவள் மெதுவாகத்தான் பேசினாள், எனக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"த்வானு பயந்தாங்கொள்ளி மாமா. இப்படி ஓடியிருந்தா கிட்டயே வந்திருக்க மாட்டான்."

நான் வால்விலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் தள்ளியும் நிற்கவில்லை.